சூரனைக் காவும் சனம்

2002 மார்ச் 17 அன்று ரொறன்ரோ நகரின் ஸ்கைடோம் அரங்கில் 68,237 பேர் கூடியிருந்தனர். ரெசில்மேனியா மல்யுத்த விழாவில் அன்று எல்லோரும் காத்திருந்த சண்டை ஹல்க் ஹோகனுக்கும் ‘த ரொக்’ என்பவருக்கும் இடையிலானது. ஏற்பாட்டாளர்கள் எழுதிவைத்த கதையில் ரொக் நல்லவர், ஹோகன் கொடியவர். ரொக் ஏற்றப்பட்டிருந்த அம்புலன்ஸை ஹோகன் லொறியால் மோதி நொறுக்கியதாக முன்னைய வாரங்களில் காட்டியிருந்தார்கள். ஒருவனைக் கெட்டவனாக்க அதற்கு மேல் என்ன செய்வது? ஆனால் மணி அடித்ததும் அரங்கு கதையை மதிக்கவில்லை. ஹோகன் கையைத் தூக்கினால் ஆரவாரம், ரொக் அடித்தால் ‘கூ’. வளையத்துக்குள் நின்ற இருவரும் அதைக் காதில் வாங்கி, சண்டையின் போக்கையே சனத்துக்கு ஏற்றபடி திருப்பிக்கொண்டார்கள். வென்றது ரொக்தான். ஆனால் அந்த இரவுக்குப் பிறகு ஹோகனை வில்லனாக நடத்திக்கொண்டுபோக நிறுவனத்தால் முடியவில்லை. சனம் அவரை விடுதலை செய்துவிட்டது.

புங்குடுதீவு, வேலணை, நெடுந்தீவு, நயினாதீவு என்று யாழ்ப்பாணத் தீவகத்தின் ஊர்ப் பெயர்களோடு சங்கங்கள் நடக்கிற நகரம் ரொறன்ரோ. அந்த ஊர்களின் சனத்துக்கு ஸ்கைடோமில் நடந்தது புதுமையான விஷயம் அல்ல. அவர்கள் பிறந்த மண்ணில் ஒரு வில்லனைச் சனம் ஆண்டுதோறும் தோளில் தூக்கி ஆடுகிறது.

ஐப்பசியில் கந்தசட்டியின் ஆறாம் நாள், தீவகத்து முருகன் கோயில் வெளிவீதியில் சூரன் போர். மரத்தாற் செய்த சூரன், கொம்புகளில் கட்டப்பட்டு இளைஞர்களின் தோளில் வருவான். முருகன் வருவது நிதானமாக. சூரன் அப்படி வரமாட்டான். முன்னே பாய்வான், பின்னே ஓடுவான், வீதியின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் சுழலுவான். காவுகிற பெடியள் கொம்பைத் தூக்கிக் குலுக்கும்போது சூரனின் தலை இடமும் வலமும் வெட்டித் திரும்பும். தவில் வேகம் பிடிக்கும். முன்னால் நிற்கிற சிறுவர் சிதறி ஓடி, மறுகணம் திரும்பி வந்து அவனைச் சீண்டுவர். யானைமுகம் விழும், சிங்கமுகம் ஏறும், அதுவும் விழும், சூரனின் சொந்த முகம் ஏறும். ஒவ்வொரு தலை மாறும்போதும் சனத்தின் சத்தம் ஏறிக்கொண்டே போகும். நோன்பிருந்து களைத்த பெண்கள்கூட நின்று பார்ப்பது சூரன் எப்படி ஆடுகிறான் என்பதைத்தான். மறுநாள் ஊரில் பேச்சும் அதுவே: இந்த முறை சூரன் நல்லா ஆடினவன், அல்லது போன வருசத்து ஆட்டம் இல்லை. முருகன் எப்படி வென்றார் என்று எவரும் கேட்பதில்லை. வெல்வார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

சனம் வில்லனை விரும்பத் தொடங்குவதன் முதற் காரணம் இங்கே கிடைக்கிறது. முடிவு முன்பே தெரிந்த ஆட்டத்தில் உழைப்பெல்லாம் தோற்கிறவனுடையது. வெல்கிறவன் நின்ற இடத்தில் நிற்கலாம். தோற்கிறவன்தான் ஓடவேண்டும், விழவேண்டும், மறுபடி எழவேண்டும், வெற்றியைப் பெறுமதியுள்ளதாக்கவேண்டும். பார்த்துக்கொண்டே இருப்பவர்களுக்கு ஒருநாள் அந்த உழைப்பு கண்ணில் படுகிறது.

தொழில்முறை மல்யுத்தக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1950களிலும் 60களிலும் இந்தியாவிலும், யாழ்ப்பாணத்தார் பலர் உத்தியோகம் பார்த்த மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தாராசிங் என்றால் நல்லவர், கிங்காங் என்றால் கெட்டவர். கிங்காங்கின் உண்மைப் பெயர் எமில் சாஜா. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து ஆசிய அரங்குகளில் வாழ்நாளைக் கழித்தவர். பூதாகாரமான உடலோடு உறுமிக்கொண்டு வந்து, கடைசியில் தாராசிங்கிடம் விழுவது அவருடைய வேலை. விழுவதற்கென்றே ஊரூராகப் போன மனிதர் அவர். 1970இல் சிங்கப்பூரில், வாகன விபத்தில் பட்ட காயங்களால் இறந்தார். இன்றைக்கும் தமிழில் இரண்டு பெரிய ஆட்கள் மோதினால் ‘கிங்காங் – தாராசிங் சண்டை’ என்று இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறோம். வில்லன் இல்லாமல் அந்த நாயகனை நினைக்கவே முடிவதில்லை.

உழைப்பு மட்டும் போதுமா என்றால், போதாது. சனம் தன் மனத்தை மாற்றிக்கொள்ள ஒரு தருணம் வேண்டும். பெரும்பாலும் அது வில்லன் வலியைத் தாங்கும் தருணம். 1997 மார்ச் 23 அன்று சிக்காகோவுக்கு அருகே ரோஸ்மொன்ரில் நடந்த ரெசில்மேனியாவில் ஸ்டோன் கோல்ட் ஸ்ரீவ் ஒஸ்ரின் வில்லனாக இறங்கினார்; எதிரே கனடாவின் அருமை நாயகன் பிரெட் ஹார்ட். சண்டையின் முடிவில் ஒஸ்ரினின் கால்கள் பிரெட்டின் பிடியில் முறுகிக் கிடந்தன, நெற்றி இரத்தம் பல்லுக்குள் வழிந்தது. சரணடையவில்லை. வலியிலேயே மயங்கிப்போனார். மயங்கியவரையும் விடாமல் பிரெட் அடித்தார். ஒரே சண்டையில் நல்லவர் கெட்டவராகவும் கெட்டவர் நல்லவராகவும் மாறி வெளியே வந்த அரிய இரவு அது. இத்தனைக்கும் ஒஸ்ரின் தன் குணத்தில் ஒரு மயிரிழைகூட மாறவில்லை. அதே வாய், அதே முரடு. மாறியது அதைப் பார்த்த கண்.

கந்தபுராணத்திலும் இத்தகைய ஒரு கட்டம் இருக்கிறது. 108 யுகம் வாழவும் 1008 அண்டம் ஆளவும் வரம் பெற்றவன் சூரன், தேவரைச் சிறையிட்டவன், தம்பி சிங்கமுகன் சொன்ன நல்ல புத்தியைத் தள்ளியவன். கச்சியப்ப சிவாசாரியார் போரின் இறுதியில் முருகனின் பேருருவை அவனுக்குக் காட்டுகிறார். அதைக் கண்டதும் சூரனின் பகை கரைகிறது. இத்தனை நாளும் பாலன் என்று இகழ்ந்தவன், அந்த அழகு கண்ணுக்கு அடங்காது என்று உருகுகிறான். உருவம் மறைந்ததும் பழைய சினம் திரும்பிவிடுகிறது. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் தலைமுறை தலைமுறையாகக் கந்தபுராணப் படிப்பு நடந்திருக்கிறது. ஒருவர் பாடலைப் படிக்க இன்னொருவர் பயன் சொல்வார். அந்த மண்டபங்களில் வளர்ந்த சனத்துக்குச் சூரன் வெறும் அரக்கனாக இருக்க முடியாது. ஒரு கணம் எல்லாம் விளங்கி மறுகணம் அதை இழந்தவன் அவன். முடிவில் மாமரமாகி நின்று பிளவுபட்டு, ஒரு பாதி மயிலாகவும் மறுபாதி சேவலாகவும் முருகனோடு சேர்ந்துவிடுகிறான். முருகனைக் கும்பிடுகிற கை சூரனையும் சேர்த்தே கும்பிடுகிறது. உலகத்து மல்யுத்தக் கதைகள் எதிலும் ஒரு வில்லனுக்கு இவ்வளவு உயர்ந்த முடிவு கிடைத்ததில்லை என்று துணிந்து சொல்லலாம்.

காத்தவராயன் கூத்தும் இந்த வரிசையில் வரவேண்டியது. யாழ்ப்பாணக் கிராமங்களில் சிந்துநடையில் ஆடப்படும் இந்தக் கூத்துக்குச் சனம் திரளாகக் கூடும். மாரியம்மனுக்கு நேர்த்திவைத்து ஆடுவோரும் உண்டு. காத்தானைச் சட்டப்படி பார்த்தால் குற்றவாளி: வேடம் மாறி ஏமாற்றுகிறான், தாய் சொல் கேட்கிறானில்லை, ஆரியமாலை என்ற பெண்ணைக் கவர்ந்து போகிறான். முன்னிரவில் சனம் அவன் குறும்புக்குச் சிரிக்கும், சில இடங்களில் முகம் சுளிக்கும். விடியற்புறத்தில் கழுமரம் நடுகிற கட்டம் வந்ததும் அதே சனம் அழும். ஒரே இரவில் காத்தான் வேடத்தைப் பலர் மாறி மாறிக் கட்டுவது வழக்கம்; முன்னிரவில் சிரிக்கவைத்தவர் ஒருவர், விடியலில் அழவைப்பவர் இன்னொருவர். அப்படியிருந்தும் சனத்தின் பாசம் அறுபடாமல் ஒரு காத்தானிலிருந்து மறு காத்தானுக்குப் போய்விடுகிறது. நடிகரின் திறமையை மட்டும் கொண்டு இதை விளக்கமுடியாது. எட்டு, ஒன்பது மணித்தியாலம் ஒருவனோடு கூட இருந்தாலே அவன் நம்மவனாகிவிடுகிறான். கூத்தில் ஓர் இரவு செய்கிற வேலையை மல்யுத்தத் தொலைக்காட்சி ஐந்து, பத்து வருடம் எடுத்துச் செய்கிறது.

மல்யுத்த வீரர் ரோமன் ரெயின்ஸ் இதற்கு நல்ல சாட்சி. 2015 ஜனவரியில் பிலடெல்பியாவில் அவரை நாயகனாக நிறுத்தியபோது அரங்கு முழுவதும் கூ அடித்தது. திணிக்கப்பட்ட நாயகனைச் சனம் வில்லனைவிட மோசமாக நடத்தும். 2018இல் தனக்கு இரத்தப் புற்றுநோய் திரும்பியிருப்பதை அவர் வளையத்தில் நின்று சொன்னபோது அதே சனம் எழுந்து நின்றது. 2020இல் வில்லனாகத் திரும்பி வந்தார். 1,316 நாட்கள் பட்டத்தை வைத்திருந்தார். கொடுங்கோல் குடும்பத் தலைவனாக அவர் விரலைத் தூக்கும்போது ஆயிரக்கணக்கானோரும் கூடவே விரலைத் தூக்கினார்கள். நாயகனாகக் கேட்டுக் கிடைக்காததை வில்லனாகக் கேட்காமலே பெற்றுக்கொண்டார்.

தமிழ்ச் சினிமாவில் எம். என். நம்பியார் கடந்துவந்த தூரமும் இதுவே. எம்.ஜி.ஆரின் படங்களில் அவர் செய்த அநியாயத்துக்காகத் திரைக்கு வெளியேயும் பெண்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். சபரிமலைக்கு ஆண்டுதோறும் மாலை போட்டுப் போகிற குருசாமி அவர் என்பது பரவப் பரவ, வெறுப்பு மரியாதையானது. 2008இல் அவர் இறந்தபோது இரங்கல் சொன்னவர்களில் பாதிப் பேர் அவரைத் திட்டி வளர்ந்தவர்களாய் இருந்திருப்பார்கள்.

இதுவரை பார்த்தவை ஒருவன் மேடையில் நின்ற காலத்துக்குள் நடந்த மாற்றங்கள். நூற்றாண்டுக் கணக்கில் நடக்கும் மாற்றம் வேறு வகையானது. அதற்கு வேண்டிய மிகச் சிறந்த உதாரணமும் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது: சங்கிலி.

யாழ்ப்பாண அரசை 1519 முதல் 1561 வரை ஆண்ட முதலாம் சங்கிலி, 1544இல் மன்னாரில் கத்தோலிக்கராக மாறிய சுமார் 600 பேரைக் கொல்வித்தான். 1619இல் போர்த்துக்கீசரிடம் தோற்று, கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டவன் இன்னொரு சங்கிலி. ஊர் நினைவில் இருவரும் ஒருவராகிவிட்டார்கள். ஒல்லாந்தர் காலத்தில், 1736 அளவில், மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையில் சங்கிலி கொடியவன், முறைகேடாக அரசைப் பிடித்தவன். சைவரான புலவரே அப்படி எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். கத்தோலிக்கருக்கோ அவன் வேதசாட்சிகளைக் கொன்றவன். மன்னார் தோட்டவெளியில் அந்தச் சாட்சிகளின் நினைவு இன்றும் வணங்கப்படுகிறது. கத்தோலிக்க ஊர்களில் சங்கிலியன் கதை கூத்தாகவும் வந்தது. கொடுங்கோலன் என்றாலும் அரசன் அல்லவா? கூத்து மரபில் அரசனுக்கு மிடுக்கான வரவு உண்டு, உரத்த பாட்டு உண்டு, மின்னுகிற முடியும் கரப்புடுப்பும் உண்டு. மத்தளம் முழங்க அவன் களரிக்குள் இறங்கும்போது, தங்கள் முன்னோரைக் கொன்றவன் என்று தெரிந்த சனமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

பிறகு வந்தது 1956. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் ‘சங்கிலி’ நாடகம் வெளிவந்த ஆண்டு. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய ஆண்டும் அதுவே. அந்த நாடகத்தில் சங்கிலி, அந்நியருக்குத் தலைவணங்காத தமிழ் மன்னன். 1974இல் நல்லூர் முத்திரைச் சந்தியில் வாளேந்திய சங்கிலியனுக்குச் சிலை எழுந்தது. 2011இல் அது புதிதாக்கப்பட்டது. வைபவமாலை சொன்ன கொடியவனுக்கும் சிலையாகக் குதிரையில் அமர்ந்திருக்கும் மாவீரனுக்கும் இடையே புதிய செப்பேடோ கல்வெட்டோ கிடைத்துவிடவில்லை. சனத்துக்கு எதிரே நின்ற ஆள் மாறினான், அவ்வளவுதான். புதிய எதிரி வந்ததும் பழைய கொடியவன் காவலனாகிறான்.

ஆனால் எல்லோருக்கும் ஒரே நாளில் அவன் காவலனாகிவிடவில்லை. தீவகத்து ஊர்காவற்றுறையில் தேவாலயமும் சைவக் கோயிலும் ஒன்றையொன்று பார்த்த தூரத்தில் இருக்கின்றன. ஒரே சந்தையில் மீன் வாங்குகிறவர்களில் ஒரு பகுதியினருக்குச் சங்கிலி பாட்டன், மறு பகுதியினருக்குத் தம் வேதசாட்சிகளின் கொலைகாரன். உலகத் தமிழாராய்ச்சி இயக்கத்தைத் தொடங்கிவைத்த தனிநாயகம் அடிகள் 1913இல் இந்த ஊர்காவற்றுறையின் கரம்பொன்னில் பிறந்த கத்தோலிக்கக் குரு. முத்திரைச் சந்தியில் சிலை எழுந்த அதே 1974இல்தான் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடும் யாழ்ப்பாணத்தில் கூடியது. தமிழ் அரசின் பெருமையும் மன்னார்ச் சாட்சிகளின் துயரமும் இத்தகைய மனிதர்களுக்குள் ஒன்றாகக் குடியிருந்தன. ‘சனம்’ என்று ஒருமையில் பேசும்போது இந்தப் பிளவு மறைந்துபோகிறது. பிரெட் ஹார்ட்டை 1997இல் அமெரிக்க அரங்குகள் கூ அடித்து விரட்டின. அதே கோடையில் கல்கரியில் அவர் பிறந்த நகரம் அவரைத் தலைவனாகத் தூக்கிக் கொண்டாடியது. ஒரே ஆள், ஒரே பேச்சு, எல்லைக்கோட்டின் இரண்டு பக்கம்.

இராவணன் விஷயத்தில் எல்லைக்கோடு மேலும் சிக்கலானது. புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946இல் வெளிவந்து, 1948இல் தடைசெய்யப்பட்டு, 1971இல்தான் தடை நீங்கியது. சினிமாவில் வில்லனாகப் பெயரெடுத்த ஆர். எஸ். மனோகர் மேடையில் ‘இலங்கேஸ்வர’னாக வந்து நின்றபோது இராவணனுக்காகக் கைதட்டினார்கள். பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964இல் மேடையேற்றிய ‘இராவணேசன்’ இவை எல்லாவற்றிலும் நுட்பமானது. சி. மௌனகுரு எழுதி, தாமே இராவணனாக ஆடிய அந்த வடமோடிக் கூத்து, இராவணனை நல்லவனாக்கவும் இல்லை, அரக்கனாக விடவும் இல்லை. தன் செருக்கால் தன்னையே அழித்துக்கொள்ளும் ஒரு பெரிய மனிதனைக் காட்டியது. சனம் அவனுக்காகக் கவலைப்பட்டது, ஆனால் அவன் செய்தது சரி என்று சொல்லவில்லை. இதைச் சாதிப்பது மிகக் கடினம். மல்யுத்த எழுத்தாளர்கள் பெரும்பாலும் கெட்டவனை ஒரே இரவில் நல்லவனாக்கிவிட்டு அவனுடைய சுவையையே கெடுத்துவிடுகிறார்கள்.

இன்று சிங்கள மக்களிடையேயும் இராவணன் மாமன்னன். 2019இல் விண்ணுக்குப் போன இலங்கையின் முதற் செய்மதிக்கு ‘இராவணா-1’ என்று பெயர். ஒரே வில்லனை இரண்டு தரப்பும் தத்தம் நாயகனாகக் கேட்பதை எந்தக் கூத்து அண்ணாவியாரும் எழுதியிருக்கமாட்டார்.

இனிச் சனம் மன்னிக்காதவர்களைப் பார்க்கவேண்டும். அங்கே இந்த ஆய்வு கனத்துப்போகிறது.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் ஒரு சிறு கோட்டை நிற்கிறது. போர்த்துக்கீசர் கட்டியது, ஒல்லாந்தர் பிடித்து ‘ஹம்மன்ஹீல்’ என்று பெயரிட்டனர். ஊரவர் அதைப் பூதத்தம்பி கோட்டை என்பர். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அதே ஆண்டில், அவர்களுக்கு எதிராகச் சதிசெய்தார் என்ற குற்றச்சாட்டில் பூதத்தம்பி என்பவர் கொல்லப்பட்டார். வழிவழியாக வரும் கதையில் அது பொய்க் குற்றச்சாட்டு. பூதத்தம்பியின் மனைவி அழகவல்லியின் மேல் ஆசைவைத்து அவமானப்பட்ட அந்திராசி என்பவன், வெற்றுத்தாளில் பூதத்தம்பியிடம் கையெழுத்து வாங்கி, அதையே போர்த்துக்கீசருக்கு எழுதிய சதிக் கடிதமாக்கினான். பின்னர் நீதி கேட்டு வழக்குக் கொழும்புக்குப் போக, விசாரணைக்குப் புறப்பட்ட அந்திராசியை வழியில் யானை அடித்துக் கொன்றது. இந்தக் கதை நாடகமாகவும் கூத்தாகவும் யாழ்ப்பாணத்தில் பலகாலம் நடந்திருக்கிறது. மூன்றரை நூற்றாண்டு கடந்தும் அந்திராசிக்காக இரங்கி ஒரு நாடகம் வந்ததாகத் தெரியவில்லை. சூரன் மயிலானான், இராவணன் செய்மதியானான், சங்கிலி சிலையானான். அந்திராசி அந்திராசியாகவே இருக்கிறான்.

அவனோடு யூதாசை வைக்கலாம். சங்கிலியையும் பண்டார வன்னியனையும் காட்டிக்கொடுத்ததாகச் சொல்லப்படும் காக்கை வன்னியனை வைக்கலாம். திருப்பாடுகளின் காட்சியில் பிலாத்து கைகழுவும்போது அவனுடைய தத்தளிப்பைச் சனம் விளங்கிக்கொள்ளும். யூதாஸ் முத்தமிடும்போது விளங்கிக்கொள்ள மறுக்கும். நேரே நின்று மோதியவனைக் காலம் மன்னிக்கிறது, கூட இருந்து காட்டிக்கொடுத்தவனை மன்னிப்பதில்லை என்று இதிலிருந்து ஒரு விதி எழுதத் தோன்றும்.

ஆனால் மல்யுத்தம் அந்த விதியை உடைக்கிறது. 1996 ஜூலை 7 அன்று புளோரிடாவில் ஹல்க் ஹோகன் தன் நண்பனுக்கு உதவ வருவதுபோல வந்து அவனையே தாக்கியது பச்சைத் துரோகம். அன்று சனம் குப்பையை அள்ளி வளையத்துக்குள் எறிந்தது. ஆறு வருடத்துக்குள் ரொறன்ரோவில் மன்னிப்புக் கிடைத்துவிட்டது. வளைகுடாப் போர்க் காலத்தில் ஈராக்கின் பக்கம் சாய்ந்த அமெரிக்கப் படைவீரனாக வேடமிட்ட சார்ஜன்ட் சுலோட்டருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அதே 1991 முடிவதற்குள் அவர் தேசத்திடம் மன்னிப்புக் கேட்டு, பெற்றும்விட்டார். காரணம் தெளிவு. அந்தத் துரோகங்களில் யாரும் சாகவில்லை. அந்திராசியின் கதையில் ஒரு குடும்பம் அழிந்தது, ஒரு நாடு அந்நியன் கையில் இருந்தது. இழப்பு உண்மையாக இருக்கும் வரை துரோகியை மேடையும் விடுவிக்காது.

அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த வெறுப்பு மேடையோடு நிற்பதில்லை என்பது. 1970களின் நடுப்பகுதியிலிருந்து வடக்கில் ‘துரோகி’ என்ற சொல் கூத்துக் களரியிலிருந்து தெருவுக்கு வந்தது. விளக்குக் கம்பங்களில் மனிதர் கட்டப்பட்டுச் சுடப்பட்டார்கள். வழக்கு இல்லை, விசாரணை இல்லை, கழுத்தில் தொங்கிய ஓர் அட்டை மட்டும். அந்திராசிக்கு வந்த கொழும்பு விசாரணை அழைப்புகூட அவர்களுக்கு வரவில்லை. சுற்றிநின்று பார்த்த சனத்துக்குள் என்ன நடந்தது என்பதை எந்த ஆய்வும் இதுவரை நேர்மையாகக் கேட்டதாகத் தெரியவில்லை. வில்லன்மீது சனத்துக்கு ஏற்படும் உணர்வை ஆராய்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போகக்கூடாது. பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த் 1950களில் பாரிஸின் மல்யுத்தக் கொட்டகைகளைப் பற்றி எழுதியபோது, சனம் அங்கே தேடுவது நீதியின் காட்சியை என்றார்: கெட்டவன் கண்முன்னே தண்டிக்கப்பட வேண்டும். பார்த் பேசியது இரத்தம் பொய்யாக இருந்த இடத்தைப் பற்றி. இரத்தம் மெய்யான இடத்திலும் சனம் அதே காட்சியைத்தான் தேடியது.

இன்னொரு மாற்றத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். இத்தனை நேரமும் வில்லனைப் பார்க்கிற சனம் அப்படியே இருந்ததாக எண்ணிக்கொண்டு பேசினோம். தீவகத்தில் அந்தச் சனமே கலைந்தது. 1990, 1991இல் தீவுகள் படையினர் வசமானபோது பெரும்பகுதியினர் குடாநாட்டுக்கும், பின் வன்னிக்கும் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். வெளிவீதிகளில் சூரனைக் காவத் தோள் இல்லாமற்போன ஆண்டுகள் உண்டு. திரும்பி ஆடத் தொடங்கியபோது பார்க்க வந்தவர்களில் ஒரு பகுதி விடுமுறைக்கு வந்தவர்கள். பாரிஸிலும் ரொறன்ரோவிலும் பிறந்த பிள்ளைகள் சூரனைக் கைத்தொலைபேசியில் பிடித்துச் சிரிக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் அதே சூரனைப் பார்த்துக் கலங்குகிறார்கள், ஏனென்றால் அவர்கள் பார்ப்பது சிறுவயதில் தங்களைத் துரத்திய சூரனை.

ஹோகனுக்கு ஸ்கைடோம் கைதட்டியதிலும் இது கலந்திருந்தது. 1990இல் இதே அரங்கில் ரெசில்மேனியா நடந்தபோது ஹோகன் நாயகன். அன்று அல்டிமேட் வொரியரிடம் தோற்றார். அன்றைக்குப் பத்து வயதில் அழுத பிள்ளை 2002இல் இருபத்திரண்டு வயது ஆளாக வந்து உட்கார்ந்திருக்கலாம். அவருக்கு லொறியும் அம்புலன்ஸும் என்ன பொருட்டு? வில்லனின் கணக்கில் சனம் தன் இளமையையும் எழுதிவைத்திருக்கிறது.

இந்த விஷயத்தைச் சரியாக ஆராயவேண்டுமானால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஈழத்துக் கூத்துகளின் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்திருக்கிறார்கள். இராகங்களையும் ஆட்டத் தருக்களையும் குறித்திருக்கிறார்கள். மூத்த அண்ணாவிமாரின் குரல்களில் சிலவற்றை ஒலிப்பதிவு செய்திருக்கிறார்கள். களரியின் மறுபக்கத்தை யாரும் பதிந்ததாகத் தெரியவில்லை. எந்த இடத்தில் சனம் கூ அடித்தது, எந்தப் பாட்டுக்குப் பணம் குத்தியது, எந்த வில்லன் தோற்றபோது மௌனமானது, எந்த ஆண்டிலிருந்து அந்த மௌனம் தொடங்கியது? ஊர்காவற்றுறை, நாரந்தனை, வேலணை, புங்குடுதீவு, நெடுந்தீவு என்று எந்த ஊரிலும் எழுபது, எண்பது வயதைக் கடந்த கூத்துப் பார்வையாளர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வசனம் மறந்திருக்கலாம். எந்த இராசாவுக்கு யார் எழுந்து என்ன கத்தினார் என்பது மறக்காது. அதைக் கேட்டு எழுதப் பல்கலைக்கழக மானியம்கூடத் தேவையில்லை. ஒரு கைத்தொலைபேசியும் குறிகட்டுவானிலிருந்து படகு ஏறுகிற விருப்பமும் போதும். வருகிற கந்தசட்டிக்கு ஊர் போகிறவர்கள், சூரனைப் படம் பிடிக்கிற அதே கைத்தொலைபேசியைச் சற்றுத் திருப்பிச் சனத்தையும் பிடித்து வைக்கட்டும்.